நீலப் புகை

"அண்ணா, வண்டி ஆயில் எரிக்குது. பின்னாடி ஒரே நீலப் புகை. இன்னா ஏதுன்னு இன்னிக்கே பாத்துக் குடுண்ணா. இவளுக்கு நாள் நெருங்கிடுச்சி."

ஒடுகத்தூரில் மெக்கானிக் சக்கரவர்த்தியின் ஷெட்டுக்குள் ஜீப்பை நிறுத்தியதுமே வெற்றிச்செல்வன் படபடத்தான். அவன் மனைவி இளவரசி நிறைமாத வயிற்றோடு மெல்ல இறங்கி ஸ்டூலில் உட்கார்ந்தாள். மலைமேல் அவர்கள் ஊரில் இருப்பது இந்த ஒரே வண்டிதான். வலி எடுத்தால் இதில்தான் அவளைக் கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வேண்டும்.

சக்கரவர்த்திக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னாப்பா சொல்ற? போன வருசம் ஆயில் இல்லாம ஓட்டி எஞ்சின் ஜாம் ஆகி, நான்தான பிஸ்டன் ரிங் எல்லாம் புதுசா போட்டுக் குடுத்தேன்? எப்படி ஆச்சின்னு கேட்டதுக்கு அன்னிக்கும் நீ வாயத் தொறக்கல."

வெற்றிச்செல்வன் அவர் முகத்தைப் பார்க்காமல் பானட்டைத் திறந்துவிட்டான்.

ஸ்டார்ட் செய்து ஆக்சிலரேட்டரை மிதிக்கச் சொன்னார். ஷெட் முழுக்க நீலப் புகை பரவியது. ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, அதன்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். உள்ளேயிருந்து புகை தள்ளவில்லை.

"ரிங்கு நல்லாத்தான் கீது. தேஞ்சிருந்தா இங்க பொக தள்ளும். அப்புறம் இன்னாத்துக்கு எரியுது?"

எஞ்சினை நிறுத்திச் சற்று ஆறவிட்டு, ஆயில் அளவு பார்க்கும் குச்சியை உருவினார். துடைத்து, மறுபடி விட்டு உருவினார்.

"அடப்பாவி! மேல் கோட்டையும் தாண்டி நிக்குது. இவ்ளோ ஊத்தினா எரியாம இன்னா பண்ணும்? இப்படியே உட்டா எஞ்சின் மறுபடி போயிடும்."

"சத்தியமா நான் ஒரு சொட்டு ஊத்தலண்ணா!"

"அப்போ பேயா வந்து ஊத்துச்சி?"

வெற்றிச்செல்வனின் முகம் சிவந்தது. "பக்கத்து வூட்டு முனியன்தான். வேலித் தகராறுலேந்து கறுவிக்கினே கீறான். வண்டியக் கெடுக்கப் பாக்கறான். இன்னிக்கி அவன் கைய ஒடைக்காம உட மாட்டேன்!"

"முனியன் இல்ல. நான்தான்" என்றாள் இளவரசி.

இரண்டு பேரும் திரும்பினார்கள்.

"டெய்லி காலைல இவரு எழுந்துக்கறதுக்குள்ள குச்சிய எடுத்துப் பாப்பேன். கம்மியா இருந்தா மேல் கோடு வரைக்கும் ஊத்திடுவேன்."

"வண்டி எங்கமா நிக்கும்?"

"வூட்டு முன்னாடி மேட்டுல. மூஞ்சி மேல பாத்தாப்ல."

சக்கரவர்த்தி தலையில் அடித்துக்கொண்டார். "ஏம்மா, மேட்டுல நின்னா ஆயில் பின்னால ஒதுங்கிடும். குச்சில கம்மியாத்தான் காட்டும். சமதரையில நிறுத்தி இல்ல பாக்கணும்! 'ஆயில் பாத்தியா'ன்னு இவன ஒரு வார்த்த கேட்டிருந்தா முடிஞ்சி போச்சே. இதப் போயி புருசன்கிட்ட மறைப்பியா?"

இளவரசி வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டாள். கணவன் பக்கம் அவள் பார்க்கவே இல்லை.

"கேட்டேண்ணா. போன வருசம் எங்க பாப்பாவுக்கு ஜன்னி வந்து தூக்கிக்கினு கெளம்பினப்பவே கேட்டேன். 'பாத்துட்டேன், ஏறு'ன்னாரு. பாதி மலையில வண்டி நின்னுடுச்சி. பாப்பா என் மடியிலயே போயிடுச்சி."