முதல் கையெழுத்து

ஒருவர் ஒளித்துவைக்கும் பெட்டியை மற்றவர்கள் கைபேசி வரைபடத்தைப் பார்த்துத் தேடிப்பிடித்து, உள்ளே இருக்கும் நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும்; முதலில் போடுபவருக்குக் கோப்பை. இந்த விளையாட்டுப் பித்துப் பிடித்தவர்கள் ஆண்டுக்கொரு முறை பூங்காவில் கூடுவார்கள். இம்முறை ஒளிப்பது பல் டாக்டரின் முறை. விடிந்ததும் தனியாகப் போய்ப் பாலத்துக்கு அடியில் பெட்டியைச் செருகிவிட்டு வந்தார். ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது.

பத்து மணிக்கு இடத்தை அறிவித்தார். எல்லோரும் விழுந்தடித்துக்கொண்டு ஓடினார்கள். முதலில் பெட்டியை எடுத்த தபால்காரர் நோட்டைத் திறந்தார். அவர் முகம் தொங்கிப்போனது.

"உங்க அத்தான் ஏற்கெனவே போட்டுட்டாரே, டாக்டர்!"

அதே கோணல் கையெழுத்து. மை இன்னும் காயவில்லை. டாக்டருடைய அக்காவின் கணவரான அந்த அத்தான், உயிரோடு இருந்தவரை யாரையும் ஜெயிக்க விட்டதில்லை. அவர் இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன.

சங்கத் தலைவி விதிப்புத்தகத்தை இரண்டு முறை புரட்டினார்.

"உயிரோட இருக்கணும்னு எங்கயும் போடலையே" என்று அத்தானுக்குரிய கோப்பையை டாக்டரிடம் நீட்டினார்.

அக்காவிடம் இதை எப்படிச் சொல்வதென்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனார் டாக்டர். அக்கா ஓசைப்படாமல் கதவைத் திறந்தாள்.

"மெதுவா வாடா. நடந்த அலுப்புல இப்பதான் கண்ணசந்தார்."