மாப்பிள்ளை சாயங்காலக் கப்பலில்

"முதல்ல மாப்பிள்ளைக்குக் கிரீடம் வாங்கணும். அப்புறம் கோயிலைத் திறந்து கூட்டணும், பாதிரியாரைப் பாக்கணும். எல்லாம் சாயங்காலக் கப்பல் வர்றதுக்குள்ள முடியணும் தம்பி" என்றாள் அர்கிரோ, டாக்ஸியில் ஏறும்போதே.

டிரைவர் ஸ்தமாதிஸுக்கு வாயெல்லாம் பல். மார்ச் மாதத்தில் கித்னோஸ் தீவில் டாக்ஸிக்கு ஆள் கிடைப்பதே பெரிய பாடு. அதுவும் நாள் முழுக்கக் கல்யாணச் சவாரி!

அவள் காலைக் கப்பலில் பிரேயஸ் துறைமுகத்திலிருந்து தனியாக வந்து இறங்கியிருந்தாள். உச்சந்தலை முதல் பாதம் வரை கறுப்பு. புருஷனை இழந்தவள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான். அந்தப் பக்கத்து விதவைகள் அந்தக் கறுப்பைக் கடைசிவரை கழற்றுவதில்லை.

"யாரும்மா மாப்பிள்ளை?"

"என் பையன் ஃபோட்டிஸ். ஒரே பையன். முப்பத்தி நாலு வயசு."

"முப்பத்தி நாலா? ஒருவழியா மாட்டிக்கிட்டான்னு சொல்லுங்க!"

"எவ்வளவோ கெஞ்சினேன். அப்புறம் பாக்கலாம், அப்புறம் பாக்கலாம்னே சொல்லிட்டிருந்தான்."

"எல்லாப் பயலுகளும் அப்படித்தாம்மா. பொண்ணும் இதே கப்பல்லதானே வருது?"

அர்கிரோ கடலைப் பார்த்தாள். "காத்து கூடிக்கிட்டே போகுதே. கப்பலை நிறுத்திடுவாங்களா?"

"காத்து வேகம் எட்டாம் நம்பரைத் தாண்டினாத்தான் நிறுத்துவாங்க. இப்ப ஏழுதான். கவலைப்படாதீங்க, மாப்பிள்ளை வந்துடுவாரு."

த்ரியோபிதா கிராமத்தில் தையற்கார உர்சுலாதான் கிரீடம் கட்டுபவள். ஸ்தமாதிஸ் வெளியே நின்று சிகரெட் பிடித்தபடி ஜன்னல் வழியாகப் பார்த்தான். மாப்பிள்ளைக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று, இரண்டையும் இணைக்கும் வெள்ளை ரிப்பன். மேசைமேல் எடுத்து வைத்தாள் உர்சுலா.

அர்கிரோ அட்டைப்பெட்டியோடு வெளியே வந்தபோது அவள் கண்கள் சிவந்திருந்தன. கல்யாணத்துக்கு முன்னால் எந்தத் தாய்தான் அழவில்லை என்று அவன் பெட்டியை வாங்கிப் பின்சீட்டில் பதவிசாக வைத்தான்.

சர்க்கரை பூசிய பாதாமும் ஒரு பை வாங்கியிருந்தாள். அவனிடம் ஒரு கை அள்ளிக் கொடுத்தாள்.

"என் பெரிய பொண்ணு தலையணைக்கு அடியில வைக்கிறேன்மா. கனவுல அவளுக்கு வரப்போற மாப்பிள்ளை தெரிவான்ல!"

"ஐயோ, வேண்டாம்." அவள் சட்டென்று அவன் கையைப் பிடித்தாள். "நீயே தின்னுடு தம்பி. இப்பவே."

சரியான கிறுக்கு என்று நினைத்தபடி அவன் வாயில் போட்டுக்கொண்டான்.

மேட்டிலிருந்த சின்னக் கோயிலின் சாவி, எல்லாருக்கும் தெரிந்த இடமான பூந்தொட்டிக்கு அடியிலேயே இருந்தது. குளிர்காலம் முழுக்க யாரும் வராத கோயில். தரையெல்லாம் சருகு, விளக்கில் எண்ணெய் இல்லை. அவள் குனிந்து கூட்டினாள். அவன் எண்ணெய் ஊற்றித் திரியை ஏற்றினான்.

"இதே இடத்துலதான் நானும் அவங்கப்பாவும் கிரீடம் வச்சுக்கிட்டு நின்னோம்" என்றாள் அர்கிரோ. "அவனையும் இங்கதான் நிக்க வச்சுப் பாக்கணும்னு இருந்தேன்." மறுபடியும் குனிந்து கூட்டத் தொடங்கினாள்.

ஸ்தமாதிஸுக்கு அப்போதுதான் உறைத்தது. "அம்மா, இது தவக்காலமாச்சே! ஈஸ்டர் முடியாம எந்தப் பாதிரியார் கல்யாணம் பண்ணி வைப்பார்? நம்மாளு ரொம்பக் கறார் வேற. என் தங்கச்சி கல்யாணத்துக்குக் கால்ல விழுந்தும் மாட்டேன்னுட்டாரு."

"சரின்னு சொல்லிடுவாரு" என்றாள்.

மலைமேலிருந்த பெரிய ஊரில் பாதிரியார் வாசலுக்கே வந்தார். ஸ்தமாதிஸ் காரிலிருந்தே வேடிக்கை பார்த்தான். அவள் நாலு வார்த்தைகூடப் பேசியிருக்க மாட்டாள். மனிதர் மறுபேச்சில்லாமல் தலையாட்டி, அவள் தலைமேல் கை வைத்து ஆசீர்வதித்தார்.

"நாளைக்குக் காலையில வர்றேன்னுட்டாரு" என்று அவள் ஏறி உட்கார்ந்தாள்.

"என்னம்மா சொக்குப்பொடி போட்டீங்க? என் தங்கச்சிக்கும் கொஞ்சம் குடுத்திருக்கலாம்!"

அவள் சிரிக்கவில்லை. அவனுக்கே ஒரு மாதிரியாகிவிட்டது. "தப்பா எடுத்துக்காதீங்க. காலையிலருந்து லொடலொடன்னு பேசிட்டே வர்றேன்."

"பேசு தம்பி. நீ ஒருத்தன்தான் அவனை மாப்பிள்ளை மாப்பிள்ளைன்னு சொல்லிட்டே வர்றே. கேக்க நல்லா இருக்கு."

துறைமுகத்துக்கு இறங்கியபோது இருட்டத் தொடங்கியிருந்தது. அலை கரையேறி வந்து சாலையை நனைத்தது. கப்பல் வருமா வராதா என்று அவள் கைக்குட்டையை முறுக்கிக்கொண்டே இருந்தாள். கடைசியில் முனையைச் சுற்றிக்கொண்டு விளக்குகள் தெரிந்தன.

"வந்துட்டான்மா! நான் சொல்லலை?" ஸ்தமாதிஸ் தன் வீட்டுப் பிள்ளையே வந்ததுபோலக் குதித்து இறங்கி, பின்கதவைத் திறந்தான். காற்று உள்ளே புகுந்து அட்டைப்பெட்டியின் மூடியைத் தூக்கியெறிந்தது.

உள்ளே ஒரே ஒரு கிரீடம். வெள்ளை ரிப்பன் பாதியில் வெட்டப்பட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது.

"அடக் கடவுளே! பொண்ணோட கிரீடத்தைக் கடையிலயே விட்டுட்டீங்களா? உக்காருங்க, ஒரே மிதியில போய் எடுத்துட்டு வந்துடறேன்!"

கப்பலின் பின்கதவு மெல்லக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. அர்கிரோ அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வேண்டாம் தம்பி. கல்யாணமாகாமச் செத்தவனுக்கு ஒண்ணு போதும்."