யார் பொறுப்பு?

சந்திரவதி கரும்பலகையில் கேள்வியை எழுதிவிட்டு, கையிலிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டிக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"போர்டைப் பாத்து பதில் சொல்லுங்க," என்றாள். கேள்வியை வாய்விட்டுப் படிக்கவில்லை.

மணி அடிப்பதற்குச் சற்று முன்பு தம்பி சுமதிகுமாரிடமிருந்து மெசேஜ் வந்திருந்தது. "அக்கா, விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுல நிக்கிறேன். திண்டிவனம் பஸ் ஏறட்டுமா, இப்படியே திரும்பிடட்டுமா?"

மூன்று வருடமாக அவனோடு பேச்சுவார்த்தை கிடையாது. அவன் சேலம் பக்கம் போய் ஒதுங்கிக்கொண்டான். இவளும் போனால் போகட்டும் என்று இருந்துவிட்டாள். இன்றைக்கு என்ன வந்ததோ, அவனாகவே கேட்டுவிட்டான். பதில் போடாமல் போனை மேசைமேல் கவிழ்த்து வைத்திருந்தாள்.

மதியச் சாப்பாடு முடிந்த வகுப்பு. கல்லூரிக்கே கண் சொக்கும் நேரம். மின்விசிறி காற்றை விட்டுவிட்டுச் சத்தத்தை மட்டும் தந்தது. ஜன்னலுக்கு வெளியே புளியமரம், அதற்கப்பால் ஏரி, ஏரிமேல் வெயில், எல்லாம் தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல் மெல்ல அசைந்தன. பிள்ளைகளின் முகங்களும் அதிலேயே மிதந்தன. நடுவில் எங்கோ ஒரு பஸ் ஸ்டாண்டும் தெரிந்தது. வந்து போகும் பஸ்களுக்கிடையே ஒரு பையைக் கட்டிக்கொண்டு தம்பி நின்றிருந்தான். அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டாள்.

பாடம், ஒரு பழைய செய்யுள் நாடகம். நிரம்பி நின்ற ஏரியின் அழகில் மயங்கி மதகைத் திறக்காமல் விட்டான் ஓர் அரசன். தெப்பம் பார்க்க ஆசைப்பட்டாள் ராணி. கரை தாங்கும் என்று தலையாட்டினான் அமைச்சன். கரை தாங்கவில்லை. காவலுக்கு நின்ற அரசனின் அக்காள் மகனை வெள்ளம் கொண்டுபோனது. அரசன் முடியைக் கழற்றி வைத்துவிட்டுக் காட்டில் பித்தனாய்த் திரிந்து செத்துப்போனான்.

அரசன் வீழ்ச்சிக்கு யார் பொறுப்பு? வருடா வருடம் இதே கேள்விதான். வருடா வருடம் முதல் ஆளாக மாட்டுவது அமைச்சன்தான்.

"ராணி, மேடம்," என்றான் முன்வரிசையிலிருந்து விருத்தாசலம்.

சரி, தெப்பம் கேட்டவள் அவள்தானே என்று சந்திரவதி தலையசைத்தாள்.

"ஊர் ஜனங்க, மேடம்," என்றான் இனியவன்.

"மொத்த ஊரையும் கூண்டுல ஏத்திட்டா, தீர்ப்பு சொல்றதுக்கு ஆள் வேணாமா?" என்று சீண்டினாள். வகுப்பு சிரித்தது. எதற்கென்று விளங்காமல் சிரித்த மாதிரி இருந்தது.

அமைச்சன் பெயரை யாருமே எடுக்கவில்லை. இந்த வருடம் அவனுக்கு நல்ல நேரம் போல என்று நினைத்துக்கொண்டாள்.

கடைசி வரிசையில் இருதயமேரி எழுந்தாள். பாடவேளை முழுக்க வாயே திறக்காத பெண்.

"அவுங்க அக்கா, மேடம். புள்ளைய வாரிக் குடுத்துட்டு நிக்கிறாங்களே, அவுங்கதான். அவுங்கள வுட்டா வேற யாரு?"

சந்திரவதி சட்டென்று நிமிர்ந்தாள்.

இந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரியும்?

தமிழ் மேடத்தின் பையன் ஜிதேந்திரன் மாமன் பைக்கில் வரும்போது செத்தான் என்பது கல்லூரிக்கே தெரியும். செஞ்சி ரோட்டில் மாமன் கண்மண் தெரியாமல் ஓட்டினான் என்பதும் தெரியும். காது குத்தும்போது பையனை மடியில் வைத்துக்கொண்டவன் ஏன் அப்படி ஓட்டினான் என்று உறவுக்காரர்கள் உலுக்கி உலுக்கிக் கேட்டார்கள். "நான்தான் வேகமா வந்துட்டேன்," என்றதோடு சுமதிகுமார் வாயை மூடிக்கொண்டான்.

அன்றைக்கு அவனுக்குப் போன் போட்டது அவள்தான். சமணக் குடும்பம்; பொழுது சாய்ந்துவிட்டால் அவர்கள் வீட்டில் யாரும் சாப்பிடக்கூடாது. பையன் பட்டினியாகப் படுக்கப்போகிறானே என்று அவளுக்குப் பதற்றம்.

"இருட்டிக்கினு வருது, எங்கடா இருக்கீங்க? ஜல்தி வா." திரும்பத் திரும்பக் கூப்பிட்டு இதையே சொன்னாள்.

அந்த வார்த்தையைத் தம்பி யாரிடமும் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை. பழி முழுவதையும் அவன் தலையில் இறக்கிவைத்துவிட்டு, அவன் முகத்தில் விழிக்கமாட்டேன் என்று சபதம் வேறு போட்டாள். நினைக்க நினைக்க அவளுக்கே தன்மேல் வெறுப்பாக இருந்தது.

"உக்காரும்மா," என்றாள். கண் கலங்கியதைப் பிள்ளைகள் பார்த்துவிடப் போகிறார்களே என்று டஸ்டரை எடுத்துக்கொண்டு போர்டுப் பக்கம் திரும்பினாள்.

அவள் கையெழுத்துதான். மேலே, 'அரசன் வீழ்ச்சி' என்று சரியாகத்தான் எழுதியிருந்தாள். அதன் கீழே இருந்த வரி வேறாக இருந்தது.

'யார் பொறுப்பார்?'

கை தன் பாட்டுக்கு எழுதிவிட்டிருக்கிறது.

பிள்ளைகள் யார்மேலும் பழி போடவே இல்லை. அந்த அரசனைப் பொறுத்து மன்னிக்க யார் இருக்கிறார்கள் என்றுதான் இவ்வளவு நேரமும் யோசித்து யோசித்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

வகுப்பு அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தது. அவள் துடைக்கவில்லை. மேசைக்குத் திரும்பிப் போனைப் புரட்டி, 'பஸ் ஏறிடுடா' என்று தட்டினாள். அனுப்பப் போனவள், சற்று நின்று, இன்னும் ஒரு வரி சேர்த்தாள்.

'மெதுவா வா.'