மூன்று கையெழுத்து

வாக்காளர் பதிவு அலுவலகத்தில் பட்டப்பகலிலும் டியூப்லைட் எரிகிறது. ஓய்வுபெற்ற வாத்தியார் விண்ணப்பத்தில் மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை மூடப் பார்க்கிறார். மடங்கிப்போன விரல்களுக்கு மூடி அகப்படமாட்டேன் என்கிறது. "மூணும் மூணு விதமா இருக்கே, ஐயா. ஒண்ணுபோல இருந்தாத்தான் மேல எடுத்துப்பாங்க," என்கிறார் எழுத்தர். மரியாதைக்கு ஒரு குறைச்சலும் இல்லை. இது நாலாவது தாள். கூட வந்த மகளுக்குப் பொறுக்கவில்லை. எழுத்தரின் தலைக்கு மேலே தொங்கும் படத்தைக் காட்டுகிறாள். 'பதினெட்டு வயதிலேயே ஓட்டு என்று அரசியல் சாசனத்தைத் திருத்த வைத்த போராட்டம்' என்று அடியில் பொன்னெழுத்தில் போட்டிருக்கிறது. நடுரோட்டில் ஒரு இளைஞன் குப்புறக் கிடக்கிறான். அவன் வலது கையை ஒரு போலீஸ் பூட்ஸ் மிதித்துக்கொண்டிருக்கிறது. "அந்தக் கைதான் சார் இது." எழுத்தர் திரும்பி அண்ணாந்து பார்க்கிறார். "அப்படியாம்மா? போன மாசம்தான் படத்துக்குப் புதுக் கண்ணாடி போட்டோம்," என்கிறார். பிறகு மனமிரங்கி ஒரு வழி சொல்கிறார்: "பேசாம கைநாட்டு வச்சிடலாம். எழுதப் படிக்கத் தெரியாதவர்னு டிக் பண்ணிட்டா ஒரு தொந்தரவும் வராது." முப்பத்தைந்து வருஷம் இலக்கணம் நடத்தியவர் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். "வேணாம்ப்பா, எழுந்திருங்க, போலாம்," என்கிறாள் மகள். "ஓட்டுப் போடணும்மா," என்கிறார் அவர். மைப்பெட்டி திறக்கிறது. கட்டைவிரல் நிமிர மறுக்கிறது. "கொஞ்சம் பொறுத்துக்குங்க, ஐயா," என்றபடி எழுத்தர் எழுந்து நின்று, அந்தக் கையைத் தாளின்மேல் வைத்து, தன் பலத்தையெல்லாம் கொடுத்து அழுத்துகிறார்.