கிழக்குக் கணவாய்

பனிக்காலக் கரிபூ மான் வேட்டைக்கு எங்கே கூடாரம் போடுவதென்று மூன்று குடும்பங்களும் நௌயாவைத்தான் கேட்டன. மந்தை நகரும் வழியெல்லாம் அவள் கணவன் ஆனாரக்குக்கு அத்துப்படி. கோடையில் அவன் இறந்துபோனான். இருபது குளிர்காலம் அவனோடு வேட்டைக்குப் போனவள் இவள் ஒருத்திதான்.

“எப்பவும் போல ஏரிக்கரைதானே அண்ணி?” என்றான் கொழுந்தன் பீட்டா.

கல்யாணமான வருடம் அங்கேதான் அவர்களுடைய முதல் கூடாரம். உறைந்த ஏரியின்மேல் மான்கள் நடக்கையில் கால்கள் டக் டக்கென்று சொடுக்கும். அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். ஆனாரக் அவள் வாயைப் பொத்துவான். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் அந்த இடத்தை இன்னொரு தடவை பார்த்துவிடலாம். ஆனால் போன இரண்டு குளிரிலும் ஏரிப் பனியில் ஒரு தடம்கூட விழவில்லை. மூன்று வீட்டிலும் இறைச்சி தீர்ந்துகொண்டிருந்தது.

“கிழக்குக் கணவாய்க்குப் போவோம்,” என்றாள். “இப்பல்லாம் அந்த வழியாத்தான் வருது. போன குளிர்லயே அவரும் நானும் அங்க தடம் பாத்தோம்.”

நான்காம் நாள் மந்தை வந்தது. இறைச்சியைச் சுட்டு முதல் துண்டை அவளிடம் நீட்டினான் பீட்டா.

“நல்லாயிருக்கா அண்ணி?”

அவள் மென்றபடி மேற்கே, ஏரி இருக்கும் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நல்லாத்தான் இருக்கு,” என்றாள். “காத்துதான் வேற மாதிரி அடிக்குது.”