மீந்துபோன தினார்

“காசையெல்லாம் எடுத்துப் பையில போடும்மா. நாங்க நோட்டு மட்டுந்தான் வாங்குவோம்” என்றார் கடைக்காரர் நாகபூஷணம்.

கண்ணாடி மேசைமேல் தான் கொட்டிய குவைத் நாணயங்களைப் பச்சையம்மாள் ஏமாற்றத்தோடு பார்த்தாள். “இதுவும் துட்டுதானேண்ணா?”

“அங்க துட்டு. இங்க யாரும் சீண்டமாட்டாங்க. ஒண்ணு, மலைமேல உண்டியல்ல போடணும். இல்லாட்டி புள்ளைங்களுக்கு வெளையாடக் குடுக்கணும்.”

“மலையிலேருந்துதான் எறங்கி வந்துகினு இருக்கேன்” என்று சிரித்தபடி, சந்தனம் காயாத மொட்டைத் தலையைத் தொட்டுக் காட்டினாள். “போவட்டும், எம்பொண்ணு ரேகா வெளையாடிக்குவா.” நாணயங்களை அள்ளிக் கையில் வைத்துக்கொண்டாள்.

திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்தது, வெளிநாட்டுப் பணம் மாற்றித் தரும் அந்தக் கடை. குவைத்தில் ஒரு வீட்டில் சமையல் வேலை அவளுக்கு. இரண்டு வருஷத்தில் ஊருக்கு அனுப்புகிறேன் என்ற எஜமானியம்மா, பாஸ்போர்ட்டைப் பூட்டி வைத்துக்கொண்டு ஆறு வருஷம் இழுத்தடித்தாள். பிறகு என்ன தோன்றியதோ, திடீரென்று ஒருநாள் டிக்கெட்டைக் கையில் கொடுத்துக் கிளம்பு என்றுவிட்டாள். வீட்டுக்குத் தகவல் சொல்லக்கூட நேரமில்லை. நல்லபடியாகத் திரும்பினால் முடி கொடுப்பதாக வேண்டுதல் இருந்ததால், மெட்ராஸில் இறங்கியதும் நேராக மலைக்கு வந்துவிட்டாள். இனி, மீந்த தினாரை மாற்றி ரேகாவுக்கு ஒரு ஜோடி ஜிமிக்கி வாங்கிக்கொண்டு, பொழுது சாய்வதற்குள் திடுதிப்பென்று வாசலில் போய் நிற்க வேண்டும்.

மகளின் குரலைக் கேட்டே ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. வீட்டுக்காரர் டெலிபோன் பூத்துக்கு வந்து பேசுவார். எப்போது கேட்டாலும், “பொண்ணு இஸ்கூலுக்குப் போயிருக்கா” என்பார். படிக்கிற பிள்ளை படிக்கட்டும் என்று அவளும் மனதைத் தேற்றிக்கொள்வாள்.

நாகபூஷணம் ரசீதுப் புத்தகத்தைப் பிரித்தார். “பேரு?”

“பச்சையம்மா.”

“வீட்டுக்காரர் பேரு?”

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். “அத எப்பிடிண்ணா வாயால சொல்றது? பாஸ்போர்ட்டுல கீது. பெட்டி அடியில மாட்டிக்கினு இருக்குது, இருங்க எடுக்கறேன்.”

“நல்லா கீதே! ஏரோப்ளேன் ஏறி ஊரு தேசமெல்லாம் பாத்துட்டு வந்துட்ட, இதுக்கு மட்டும் வெக்கமா? சரி சரி, மெதுவா எடு.” அவர் நோட்டுகளை எண்ணத் தொடங்கினார். கை எண்ணினாலும் வாய் சும்மா இருக்கிற ஆள் இல்லை அவர். “உன்னாட்டம் முழுசா வந்து சேர்ந்தாப் போதும்மா. எங்க மாமியார் ஊர்ல ஒரு பொம்பள, பேரு தெரியல, இதே குவைத்துதான், போன வருஷம் செத்தே போயிட்டா. கரண்டு ஷாக்காம். பொணங்கூட வரல. அங்கியே பொதைச்சிட்டாங்களாம்.”

பச்சையம்மாள் பெட்டியைத் துழாவுவதை நிறுத்தினாள். “ஐயோ பாவமே! எந்த வீட்ல வேல செஞ்சிகினு இருந்தாளோ! எனக்குத் தெரிஞ்சவளாக்கூட இருக்கும்.”

“கருமாதிக்கு நானும் போயிருந்தேன். போட்டோவுக்கு மாலை போட்டு வெச்சிருந்தாங்க. இடுப்புக்குக் கீழ தொங்குது ஜடை. வடை பாயசத்தோட எலை போட்டாங்க, எனக்குத் துன்னவே மனசு வரல. அவ பெத்த பொண்ணு மட்டும், ‘எங்கம்மா சாவல, வந்துரும்’னு அழுதுகினே இருந்துச்சி.”

பச்சையம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “தாயில்லாப் புள்ளைய இப்ப யாரு பாத்துக்கிறாங்க?”

“யாரு பாக்கறது? அப்பங்காரன் மூணே மாசத்துல, நாராயணவனம் கோயில்ல வெச்சி இன்னொருத்திக்குத் தாலி கட்டிட்டான்.”

“அடப்பாவி! ஒருத்தி அங்க கெடந்து வெந்து செத்திருக்கா, அதுக்குள்ளயா? அவன நிக்க வெச்சிக் கேக்க ஊர்ல ஒரு ஆளில்லியா?” அவளுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. தன் வீட்டுக்காரரை நினைத்துக்கொண்டாள். ஆறு வருஷமாக ஒண்டியாகச் சமைத்துப் போட்டுப் பிள்ளையை வளர்க்கிற மனுஷன். அந்த மட்டில் தான் கொடுத்துவைத்தவள்தான் என்று பட்டது.

“அவன வுடு. அவளுக்கு வேல குடுத்த அரபிக்காரர் இருக்காரே, அவருதாம்மா மனுஷன்! செத்துப்போனவளுக்கும் மாசாமாசம் சம்பளம் அனுப்பிகினு இருக்காரு. சித்தூர் பேங்குல டிராஃப்டு தவறாம வந்து வுழுது. அதுலதான் மாடி எடுத்தான், டிராக்டர் வாங்கினான். புதுப் பொண்டாட்டி கழுத்து நெறைய நகை!” அவர் ரூபாயை எண்ணி முடித்து நீட்டினார்.

வாங்கப் போன பச்சையம்மாளின் கை பாதியில் நின்றது.

“உசுரோட ஒழைக்கறவளுக்கே சம்பளம் மாசம் தள்ளிப்போவுது. செத்தவளுக்கு யாருண்ணா அனுப்புவாங்க?” என்றாள். குரல் இறங்கியிருந்தது. “அது எந்த ஊரு?”

“சித்தூர் தாண்டி, குடிபாலா. அவம்பேரு மணிவேலு. இன்னாத்துக்கும்மா கேக்கற, தெரிஞ்சவங்களா?” அவர் பேனாவைத் திறந்தார். “சரி, பஸ்ஸுக்கு நேரமாவுது பாரு. பாஸ்போர்ட்டெல்லாம் வேணாம். கூச்சப்படாம வாயால சொல்லு, எழுதிக்கறேன். வீட்டுக்காரர் பேரு?”

அவள் கையிலிருந்த நாணயங்கள் நழுவித் தரையெல்லாம் உருண்டன. ஒன்றைக்கூட அவள் குனிந்து எடுக்கவில்லை.

கழுத்தில் தாலி ஏறிய நாளிலிருந்து ஒரு தடவைகூட வாய்விட்டுச் சொல்லியிராத பெயரை, பச்சையம்மாள் அன்றைக்குச் சொன்னாள்.

“எழுதிக்கோங்கண்ணா. மணிவேலு. ஊரு குடிபாலா.”