அமிழ விடாத சட்டை

பசியாவரத்துக் கரையோரம் காலை வெயில் தண்ணீரில் பட்டுக் கண்ணைக் கூச வைக்கிறது. ஜெயம்மா ஏரிக்குள் உட்காரப் பார்க்கிறாள். புதிதாகக் கட்டாயமாக்கிய ஆரஞ்சு மிதவைச் சட்டை அவளை மேலே தள்ளுகிறது. கழுத்தளவு அமிழ்ந்து சேற்றைத் துழாவினால்தான் இறால் கையில் சிக்கும். பிடித்ததைப் போட்டுவைக்கப் பல்லில் கவ்விய ஓலைப்பறி விடிந்ததிலிருந்து காலி. அவள் கை சட்டையின் வாருக்குப் போனதும், கரையில் நிற்கும் காவலர் ஹேமந்த் விசில் ஊதுகிறான். "கழட்டாதம்மா! கழட்டினா நாளைலேர்ந்து ஏரில இறங்க வுடமாட்டேன். முழுகிட்டா யாரு பதில் சொல்றது?" ஜெயம்மா பறியைக் கையில் எடுத்துக்கொண்டு நிமிர்ந்து நிற்கிறாள். தண்ணீர் இடுப்பைத் தாண்டவில்லை. "இன்னா சார், இதுல முழுகணும்னா நானே மெனக்கெட்டு உக்காரணும். முப்பது வருசமா உக்காந்து எழுந்துக்கினுதான் கீறேன். என் உசுரு மேல எனக்கு இல்லாத அக்கறையா?" பக்கத்தில் அதே சட்டையோடு துழாவப் பார்க்கும் ஆரோக்கியமேரி, "அவர வந்து ஒரு எறா புடிச்சிக் காட்டச் சொல்லுக்கா, ஷூவோட" என்கிறாள். சுற்றிலும் ஏரியில் நிற்கும் பெண்கள் சிரிக்கிறார்கள். ஹேமந்த் செல்போனைத் தூக்கிப் படம் எடுக்கிறான். அந்தப் படத்துக்கு முகத்தை நேராகக் காட்டியபடியே ஜெயம்மா வாரை உருவுகிறாள். சட்டை மட்டும் பத்திரமாகக் கரைக்கு மிதந்து போகிறது. விசில் விடாமல் அலறுகிறது. அவள் பறியைக் கவ்விக்கொண்டு கழுத்துவரை அமிழ்கிறாள். சேற்றுக்குள், விரலிடுக்கில், ஒன்று துள்ளுகிறது.